கட்டிக்குள் வளரும் இரத்தக் குழாய்கள்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

பெருங்குடல் புற்றுநோய் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையில், கட்டிக்குள் புதிய இரத்தக் குழாய்கள் மிகுதியாக வளர்ந்திருந்தால் நோய் திரும்பி வரும் வாய்ப்பும் கூடுதல் என்று சில ஆய்வுகள் கூறுவதாக ஒரு வரி இடம்பெற்றிருந்தது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியே இருந்ததால், இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். நோயாளிகளின் குடும்பத்தினர் எழுதிய கடிதங்கள் என்பதால் பெயர்களைத் தவிர்த்து ஊர்ப் பெயர்களை மட்டும் தந்திருக்கிறோம்.

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் அப்பாவுக்கு 64 வயது. பெருங்குடலில் இருந்த கட்டியை அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிட்டார்கள். இரண்டாம் கட்டம் என்றும், நெறிகட்டிகளுக்குப் பரவவில்லை என்றும் சொன்னார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டை வரி விடாமல் படித்தேன். இரத்தக் குழாய்களின் எண்ணிக்கை எங்குமே இல்லை. லேபில் கேட்டு அந்தப் பரிசோதனையையும் செய்துவிடலாமா?
— வாசகர், திருச்சி

வணக்கம். அந்த எண்ணிக்கை ரிப்போர்ட்டில் இல்லாதது லேபின் குறையன்று. பெருங்குடல் புற்றுநோய்க்கான சிகிச்சையை முடிவு செய்வதற்கு மருத்துவர்கள் பின்பற்றும் வழிகாட்டு நெறிகள் அதைக் கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை என்பதைப் புரிந்துகொள்ள, அது எப்படி எண்ணப்படுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அறுவை சிகிச்சையில் எடுத்த திசு மெழுகுக் கட்டியில் பதிக்கப்பட்டுப் பாதுகாக்கப்படுகிறது. அதிலிருந்து மிக மெல்லிய சீவல் ஒன்றை எடுத்து, இரத்தக் குழாய்களின் உட்சுவர்ச் செல்களில் முக்கியமாக ஒட்டிக்கொள்ளக்கூடிய எதிர்ப்பொருள் ஒன்றைச் சேர்த்துச் சாயமேற்றினால், குழாய்கள் பழுப்பு நிறத்தில் தெரியும். நோயியல் மருத்துவர் குறைந்த பெருக்கத்தில் சீவல் முழுவதையும் நோட்டமிட்டு, குழாய்கள் மிக நெருக்கமாக உள்ள இடத்தைத் தேர்ந்து, பிறகு 200 மடங்கு பெருக்கத்தில் அந்த இடத்தில் உள்ள குழாய்களை ஒவ்வொன்றாக எண்ணுவார். தனித்து நிற்கும் ஒரேயொரு பழுப்புச் செல்லும் ஒரு குழாயாகவே கணக்கில் சேரும். அதற்குத் துவாரம் தெரிய வேண்டும் என்பதில்லை. இந்த முறையை 1991இல் நோயல் வீட்னரும் ஜூடா ஃபோக்மனும் அவர்களுடைய சகாக்களும் மார்பகப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தி, குழாய்கள் நெருக்கமாக இருந்த கட்டிகளே அதிகமாகப் பரவியிருந்தன என்று காட்டியபோது பெரிய பரபரப்பு ஏற்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லா உறுப்புகளின் புற்றுநோய்களிலும் எண்ணத் தொடங்கினார்கள். நிணநீர் முடிச்சுகளுக்கு (நெறிகட்டிகளுக்கு) பரவாத பெருங்குடல் புற்றுநோயில், அதாவது உங்கள் தந்தையாருக்கு உள்ளது போன்ற நிலையில், குழாய்கள் மிகுந்தவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பியது என்று 1995இல் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் சிலர் எழுதினார்கள். அதுவரை வெளிவந்த பல ஆய்வுகளைத் திரட்டி 2006இல் பிரிட்டிஷ் புற்றுநோய் ஆய்விதழ் ஒன்றில் வெளியான கூட்டுப் பகுப்பாய்வும், குழாய் அடர்த்தி மிகுந்திருப்பது மோசமான முன்கணிப்போடு சேர்ந்தே வருகிறது என்ற முடிவுக்குத்தான் வந்தது.

எனவே நீங்கள் படித்த செய்தி பொய்யன்று. ஆனால் நூற்றுக்கணக்கான நோயாளிகளை இரு கூறாகப் பிரித்து ஒப்பிடும்போது தெரியும் வேறுபாடு வேறு, ஒரு தனி மனிதரைப் பார்த்து உங்களுக்கு நோய் திரும்பும், திரும்பாது என்று சொல்வது வேறு. ஒரே சீவலில் இரு மருத்துவர்கள் வெவ்வேறு இடங்களைத் தேர்ந்தெடுக்கலாம், எண்ணிக்கையும் மாறும். எத்தனைக்கு மேல் இருந்தால் அதிகம் என்பதற்கு எல்லோரும் ஏற்ற வரம்பு எதுவும் கிடையாது. பல ஆய்வுகள் தம் நோயாளிகளின் இடைநிலை அளவையே, அதாவது பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வரும் அளவையே, வரம்பாக வைத்துக்கொண்டன. அப்படிப்பட்ட எண் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், அதை வைத்துக்கொண்டு உங்கள் மருத்துவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. உங்கள் வீட்டில் கவலை மட்டும் கூடும்.

அதே ரிப்போர்ட்டில் வேறு சிலவற்றைப் பாருங்கள். கட்டி குடற்சுவரின் வெளிப்படலத்தைத் தாண்டியிருக்கிறதா, அறுவை சிகிச்சைக்கு முன்பே குடல் அடைபட்டோ ஓட்டை விழுந்தோ இருந்ததா, குறைந்தது 12 நிணநீர் முடிச்சுகளையாவது எடுத்துப் பார்த்திருக்கிறார்களா, செல்கள் எந்த அளவுக்கு இயல்பிலிருந்து திரிந்திருக்கின்றன, நரம்புகளைச் சுற்றிப் பரவல் உண்டா என்பவையே இரண்டாம் கட்டத்தில் கீமோ வேண்டுமா வேண்டாமா என்ற முடிவைத் தீர்மானிக்கின்றன. இவற்றோடு, டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்ற பரிசோதனையும் முக்கியமானது. அந்தப் புரதங்களில் ஒன்று இல்லாத இரண்டாம் கட்ட நோயாளிகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு பொதுவாகக் குறைவு; அவர்களுக்கு ஃபுளோரோயுராசில் வகைக் கீமோ மருந்தை மட்டும் கொடுப்பதால் பலனும் இல்லை. அந்தப் பரிசோதனை செய்யப்படவில்லை என்றால், மெழுகுக் கட்டியை எடுத்துக்கொண்டு அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். செலவழிக்க நினைக்கும் பணம் அதற்குப் போகட்டும்.

கட்டி எப்படித் தனக்கென்று இரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்கிறது? இதை முதலில் கண்டறிந்தவர் யார்? நான் விலங்கியல் படிக்கிறேன்.
— மாணவி, நாகர்கோவில்

உடலில் உள்ள எந்தச் செல்லும் இரத்தக் குழாயிலிருந்து ஏறத்தாழ 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் தொலைவுக்குள் இருந்தாக வேண்டும். ஆக்சிஜன் அதற்கு மேல் ஊடுருவிச் செல்வதில்லை. ஆகவே கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டும்போது அதன் நடுவே உள்ள செல்களுக்கு மூச்சுத் திணறுகிறது. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்வரை உடனுக்குடன் சிதைக்கப்பட்டுவரும் ஒரு புரதம் இப்போது சிதையாமல் சேர்ந்து, செல்லின் உட்கருவுக்குள் போய்ப் பல மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. செல் ஆக்சிஜனை உணரும் இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்தமைக்காகத்தான் வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்ஸா ஆகிய மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்படி முடுக்கிவிடப்படும் மரபணுக்களில் ஒன்று வி.இ.ஜி.எஃப். என்னும் இரத்தக் குழாய் வளர்ச்சிப் புரதத்தை உண்டாக்குகிறது. கட்டியிலிருந்து கசியும் இந்தப் புரதம் பக்கத்தில் உள்ள நுண்குழாய்களின் உட்சுவர்ச் செல்களைத் தொட்டவுடன், அவை பெருகிக் கட்டியை நோக்கிக் கிளைவிடத் தொடங்குகின்றன.

கண்டுபிடிப்பின் கதை நீளமானது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இளம் அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன், முயலின் தைராய்டு சுரப்பியைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து அதற்குள் திரவத்தைச் செலுத்தி உயிரோடு வைத்திருந்தார். அதில் புற்றுச் செல்களை இட்டபோது அவை ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்து நின்றுவிட்டன. அவை செத்துவிடவில்லை, ஏனென்றால் அவற்றையே எடுத்து எலிகளுக்குள் வைத்தபோது மளமளவென்று வளர்ந்தன. உயிருள்ள எலியில் கிடைத்த எது அந்தப் பாத்திரத்தில் கிடைக்கவில்லை என்று யோசித்தவர், புதிய இரத்தக் குழாய்தான் என்ற முடிவுக்கு வந்தார். பாஸ்டன் நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, 1971இல், கட்டி ஏதோ ஒரு பொருளைச் சுரந்து குழாய்களை வரவழைக்கிறது என்றும் அந்தப் பொருளைத் தடுத்தால் கட்டியை அடக்கலாம் என்றும் எழுதினார். அன்றைக்கு அதைப் பெரும்பாலோர் நம்பவில்லை; கட்டியைச் சுற்றித் தெரியும் சிவப்பு வெறும் அழற்சி என்றே நினைத்தார்கள். 1983இல் ஹெரால்ட் டுவோரக்கின் குழுவினர் குழாய்களைக் கசியவைக்கும் ஒரு புரதத்தைக் கட்டித் திரவத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். 1989இல் நப்போலியோனே ஃபெர்ராரா குழாய் வளர்ச்சியைத் தூண்டும் புரதத்தைப் பிரித்தெடுத்து, அதன் மரபணுவையும் கண்டறிந்தார். பார்த்தால் இரண்டும் ஒரே பொருள், மேலே சொன்ன வி.இ.ஜி.எஃப்.தான்.

அது குழாயை வளர்க்கவும் செய்கிறது, கசியவும் வைக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டிக்குள் உருவாகும் குழாய்கள் ஒழுங்கற்றுக் கோணல்மாணலாக ஓடுகின்றன, சில முட்டுச் சந்துபோல நின்றுவிடுகின்றன, சுவர்களிலும் இடைவெளிகள் உள்ளன. அந்த இடைவெளிகள் வழியே புற்றுச் செல் இரத்தத்துக்குள் நுழைவதும் எளிதாகிறது. பெருங்குடலின் இரத்தம் கல்லீரல் வாயில் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குச் செல்வதால், பெருங்குடல் புற்றுநோய் முதலில் பரவும் இடம் பெரும்பாலும் கல்லீரலாகவே இருக்கிறது.

என் தாயாரின் ரிப்போர்ட்டில் இரத்தக் குழாய்களிலும் நிணநீர்க் குழாய்களிலும் ஊடுருவல் உள்ளது என்று போட்டிருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் குழாய் வளர்ச்சி இதுதானா?
— வாசகி, சேலம்

இல்லை, இவை இரண்டும் வேறு வேறு. இணையத்தில் படிப்பவர்கள் இவற்றைக் குழப்பிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. குழாய் வளர்ச்சி என்பது கட்டிக்குள் எத்தனை நுண்குழாய்கள் முளைத்திருக்கின்றன என்பதைக் குறிக்கிறது. உங்கள் தாயாரின் ரிப்போர்ட்டில் சொல்லப்படுவது, ஒரு குழாயின் உள்ளே புற்றுச் செல்கள் நுழைந்திருப்பதை நோயியல் மருத்துவர் கண்ணால் பார்த்திருக்கிறார் என்பது. முதலாவது ஒரு சாத்தியத்தை மட்டுமே காட்டுகிறது, இரண்டாவதோ செல்கள் ஏற்கெனவே வழியில் கால் வைத்துவிட்டன என்று காட்டுகிறது. அதனால்தான் இரண்டாவது எல்லா ரிப்போர்ட்டுகளிலும் தவறாமல் குறிப்பிடப்படுகிறது. குடற்சுவருக்கு வெளியே உள்ள சிரைகளில் ஊடுருவல் இருந்தால் அதற்குக் கூடுதல் முக்கியத்துவம் தரப்படுகிறது. இரண்டாம் கட்ட நோயில் கீமோ வேண்டுமா என்று முடிவு செய்யும்போது இதையும் சேர்த்தே பார்ப்பார்கள். நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவிவிட்ட மூன்றாம் கட்டமாக இருந்தால் கீமோ எப்படியும் பரிந்துரைக்கப்படும். கட்டம் எது என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் மருத்துவரிடம் முதலில் அதைக் கேளுங்கள்.

என் அக்காவுக்குப் பெருங்குடலில் தொடங்கிக் கல்லீரலுக்குப் பரவிவிட்டது. கீமோவுடன் பெவாசிசுமாப் ஊசியும் போட வேண்டும் என்கிறார்கள். அது இரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து என்றால், குழாய்கள் அதிகமாக உள்ள கட்டிக்குத்தானே வேலை செய்யும்? எண்ணிப் பார்க்காமலேயே எப்படி எழுதித் தருகிறார்கள்?
— வாசகி, மதுரை

உங்கள் தர்க்கத்தில் பிழையில்லை. புற்றுநோய் ஆராய்ச்சியாளர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். 2004 பிப்ரவரியில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு பெவாசிசுமாப்புக்கு அனுமதி அளித்தபோது, அதற்கு அடிப்படையாக அமைந்த ஆய்வில் 800க்கும் மேற்பட்ட, நோய் பரவிய பெருங்குடல் புற்றுநோயாளிகள் பங்கேற்றிருந்தார்கள். கீமோ மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 15.6 மாதங்களாகவும், பெவாசிசுமாப்பையும் சேர்த்துப் பெற்றவர்களுடையது 20.3 மாதங்களாகவும் இருந்தன. அதே ஆய்வில் பங்கேற்றவர்களின் கட்டித் திசுக்களை எடுத்து, குழாய் அடர்த்தி, வி.இ.ஜி.எஃப். அளவு முதலியவற்றைப் பின்னர் அளந்து பார்த்தார்கள். குழாய்கள் மிகுந்திருந்தாலும் குறைந்திருந்தாலும் மருந்தால் கிடைத்த பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. 2006இல் வெளியான அந்த முடிவுக்குப் பிறகும் வேறு பல அளவுகோல்களை முயன்று பார்த்திருக்கிறார்கள். இந்த மருந்து யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் பரிசோதனை எதுவும் நடைமுறைக்கு வரவில்லை.

நோயின் போக்கைக் காட்டும் அடையாளம் ஒன்று, மருந்தின் பலனைக் காட்டும் அடையாளம் இன்னொன்று. ஒரே அளவீடு இரண்டையும் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமில்லை. குழாய் அடர்த்தி முதலாவதை ஓரளவுக்குச் சொல்கிறது, இரண்டாவதைச் சொல்வதில்லை.

காரணம், எண்ணிக்கையும் இரத்த ஓட்டமும் ஒன்றல்ல. ஒரு தெருவில் எத்தனை தண்ணீர்க் குழாய்கள் இருக்கின்றன என்று எண்ணிவிட்டு எதில் தண்ணீர் வருகிறது என்று பார்க்காமல் போவதைப் போன்றது இது. கட்டிக்குள் உள்ள குழாய்களில் பல கசிவதாலும், கசிந்த திரவம் உள்ளேயே தேங்கி அழுத்துவதாலும், அவற்றில் இரத்தம் சரியாக ஓடுவதில்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து ஹார்வர்டில் பேராசிரியரான ராக்கேஷ் ஜெயின் 2001இல் வேறு ஒரு விளக்கத்தை முன்வைத்தார். இந்த வகை மருந்துகள் குழாய்களை முழுவதும் அழிப்பதற்கு முன், ஒழுங்கற்றவற்றைக் களைந்து மிஞ்சியவற்றைச் சற்றுச் சீராக்குகின்றன, அந்தக் குறுகிய காலத்தில் கீமோ மருந்து கட்டிக்குள் நன்றாகச் சென்று சேர்கிறது என்பது அவர் வாதம். மலக்குடல் புற்றுநோயாளிகள் சிலரிடம் பெவாசிசுமாப் ஒரே ஒரு தடவை செலுத்திப் பார்த்து அவருடைய குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், குழாய் அடர்த்தியோடு கட்டிக்குள் இருந்த திரவ அழுத்தமும் குறைந்திருந்தது. எல்லோரும் ஏற்றுக்கொண்ட முடிந்த முடிவு இது என்று சொல்ல மாட்டேன். ஆயினும் பெவாசிசுமாப் பெருங்குடல் புற்றுநோயில் தனியாக அவ்வளவாகப் பலிக்காமல் கீமோவுடன் சேரும்போது பலிப்பதற்கு இதுவரை கிடைத்த விளக்கங்களில் எனக்கு நம்பத்தகுந்ததாகப் படுவது இதுவே.

உங்கள் அக்காவின் விஷயத்தில் மருத்துவர் பார்க்க வேண்டியவை வேறு. கட்டி பெருங்குடலின் வலப்பக்கத்திலா இடப்பக்கத்திலா, ராஸ், பி-ராஃப் மரபணுக்களில் மாற்றம் உண்டா, டி.என்.ஏ. பிழைதிருத்தும் புரதங்கள் இருக்கின்றனவா என்பவற்றைப் பொறுத்து, பெவாசிசுமாப்புக்குப் பதிலாக வேறு வகை மருந்தே பொருத்தமாகலாம். இந்தப் பரிசோதனைகள் செய்யப்பட்டனவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊசி தொடங்கினால் இரத்த அழுத்தத்தை அவ்வப்போது அளக்க வேண்டும், சிறுநீரில் புரதம் வெளியேறுகிறதா என்று பார்க்க வேண்டும். காயம் ஆறுவதற்கும் புதிய குழாய்கள் தேவை என்பதால், பெரிய அறுவை சிகிச்சை எதுவும் நடந்திருந்தால் குறைந்தது 28 நாட்களாவது கழிந்து காயம் முழுமையாக ஆறிய பின்னரே இந்த மருந்தைத் தொடங்குவார்கள். அரிதாகக் குடலில் ஓட்டை விழுவதும் உண்டு. கடுமையான வயிற்றுவலி வந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. விலையைப் பற்றிக் குறிப்பிடவில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன்: இந்திய நிறுவனங்கள் மூல மருந்தை ஒத்ததாகத் தயாரிக்கும் உயிரி-ஒப்பு மருந்துகள் சந்தைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன, அவை மூல மருந்தைவிட விலை குறைவு.

பரவிய நோய்க்கு உதவும் மருந்தை, பரவுவதற்கு முன்பே கொடுத்தால் நோயை முழுவதும் தடுத்துவிடலாமே?
— வாசகர், ஈரோடு

செய்து பார்த்தார்கள், பலிக்கவில்லை. இரண்டாம், மூன்றாம் கட்ட நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சைக்குப் பிறகு கீமோவுடன் பெவாசிசுமாப்பையும் கொடுத்த இரு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2011இலும் 2012இலும் வெளியாயின. மருந்து கொடுக்கப்பட்ட ஓராண்டு காலத்தில் சிறிது முன்னேற்றம் தெரிந்தாலும் நிறுத்திய பிறகு அது நிலைக்கவில்லை. இரண்டாவது ஆய்வில், மூன்றாம் கட்ட நோயாளிகளுக்கு அது தீமையாகவும் முடிந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. கண்ணுக்குத் தெரியாத சிறு செல்கூட்டங்கள் குழாய் தேவைப்படும் அளவுக்கு இன்னும் வளரவில்லை என்பதால் குழாயைத் தடுப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது என்பது ஒரு விளக்கம். ஆகவே அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய தடுப்புச் சிகிச்சையில் இந்த மருந்துக்கு இடமில்லை.

நான் நோயியலில் முதுநிலை மாணவன். குழாய் அடர்த்தி குறித்த ஆய்வுகளைத் தேடிப் படித்தால் சில ஆம் என்கின்றன, சில இல்லை என்கின்றன. இவ்வளவு முரண்பாடு ஏன்?
— மாணவர், வேலூர்

ஆய்வுகள் ஒரே பொருளை அளக்கவில்லை என்பது முதற்காரணம். குழாய்களைச் சாயமேற்றிக் காட்ட, அவற்றின் உட்சுவர்ச் செல்களில் உள்ள வெவ்வேறு புரதங்களைக் குறிவைத்தார்கள்: சிலர் வான் வில்லிபிராண்ட் காரணிக்கான எதிர்ப்பொருளையும், சிலர் சி.டி.31 எதிர்ப்பொருளையும், சிலர் சி.டி.34 எதிர்ப்பொருளையும் பயன்படுத்தினார்கள். முதலாவது பல நுண்குழாய்களில் மங்கலாகத்தான் ஏறும், சி.டி.31 அழற்சிச் செல்கள் சிலவற்றையும் நிறமேற்றிவிடும், சி.டி.34 நிணநீர்க் குழாய்களிலும் இணைப்புத் திசுவிலும் ஏறும். பெருகிக்கொண்டிருக்கும் புதிய குழாய்களையே பெரும்பாலும் காட்டும் சி.டி.105 பின்னர்தான் புழக்கத்துக்கு வந்தது. சிலர் குழாய்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள், வேறு சிலர் 25 புள்ளிகள் கொண்ட சால்க்லி கட்டத்தைக் கண்வில்லையில் பொருத்திப் புள்ளிகளின் மேல் விழும் குழாய்களை மட்டும் எண்ணினார்கள். கட்டியின் ஊடுருவும் விளிம்பில் எண்ணுவதற்கும் நடுவில் எண்ணுவதற்கும் வேறுபாடு உண்டு. பெருங்குடலையும் மலக்குடலையும் ஒன்றாகக் கலந்த ஆய்வுகளும், முன்பே கதிர்வீச்சு பெற்றவர்களைச் சேர்த்துக்கொண்ட ஆய்வுகளும் இருக்கின்றன. இவற்றோடு, எதிர்மறையான முடிவு வந்த சிறு ஆய்வுகள் அச்சேறாமல் போவதும் உண்டு என்பதைச் சேர்த்துக்கொண்டால், முரண்பாடு இவ்வளவோடு நிற்கிறதே என்றுதான் தோன்றுகிறது.

இரண்டாவது காரணம் உயிரியல் சார்ந்தது. குழாய்களின் நெருக்கம், கட்டி எவ்வளவு வேகமாகக் குழாய்களை வளர்க்கிறது என்பதைக் காட்டுவதைவிட, அந்தக் கட்டியின் ஒரு செல்லுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பதையே காட்டுகிறது. குறைந்த ஆக்சிஜனில் காலம் தள்ளப் பழகிவிட்ட செல்கள் குறைந்த குழாய்களோடு கொடியனவாக இருக்கலாம். ஃபோக்மனே இணையாசிரியராக இருந்த 2002ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, குழாய் அடர்த்தி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை மிகத் தெளிவாக எடுத்துரைக்கிறது. தன் கொள்கையிலிருந்து பிறந்த ஓர் அளவீட்டின் எல்லையைத் தானே வரைந்து காட்டிய அந்த நேர்மைக்காகவாவது நீங்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

மூன்றாவது காரணமே எனக்கு எல்லாவற்றையும்விடச் சுவையாகப் படுகிறது. கட்டி புதிய குழாய்களை வளர்த்தாக வேண்டும் என்ற அடிப்படையே எல்லா இடத்திலும் செல்லாது. கல்லீரலுக்குப் பரவிய பெருங்குடல் புற்றுநோயைச் சீவிப் பார்த்தால், சில கட்டிகளைச் சுற்றி நார்த்திசு வேலிபோட்டிருக்கும். அவற்றில் புதிய குழாய்கள் முளைத்திருக்கும். வேறு சில கட்டிகளில் புற்றுச் செல்கள் கல்லீரல் செல்களை ஒவ்வொன்றாக அகற்றி அவற்றின் இடத்தில் தாமே அமர்ந்துகொள்கின்றன. அங்கு முன்பே இருக்கும் கல்லீரலின் குழாய்களே அவற்றுக்குப் போதும், புதிதாக எதையும் வளர்க்க வேண்டியதில்லை. இந்த இரண்டாம் வகை நோயாளிகளுக்குப் பெவாசிசுமாப் குறைவாகவே பலிக்கிறது என்று 2016இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வாழ்நாளும் நார்த்திசு வேலி உள்ளவர்களுக்கே நீளமாக இருக்கிறது. குழாய்களை எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் இந்த வேறுபாடு கவனத்துக்கு வரவே இல்லை. இதைப் பார்க்கத் தனிச் சாயம் எதுவும் தேவையில்லை, அன்றாடம் பயன்படுத்தும் ஹீமாடாக்சிலின்-இயோசின் சீவலே போதும் என்பதால், ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால் இதை எடுத்துக்கொள்ளலாம்.

சுறாமீன் குருத்தெலும்பு மாத்திரை கட்டியின் இரத்தக் குழாய்களைத் தடுக்கும் என்று சொல்லி ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?
— வாசகர், தூத்துக்குடி

வாங்க வேண்டாம். குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை என்பதும், குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்கள் அதில் உண்டு என்பதும் உண்மை. ஆனால் அவை புரதங்கள்; விழுங்கினால் மற்றப் புரதங்களைப் போலவே செரித்துவிடும். சுறாவுக்குப் புற்றுநோயே வராது என்ற விளம்பரமும் பொய், அவற்றிலும் கட்டிகள் கண்டறியப்பட்டிருக்கின்றன. முற்றிய மார்பக, பெருங்குடல் புற்றுநோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2005இல் வெளியானது. வாழ்நாளும் கூடவில்லை, உடல்நிலையும் தேறவில்லை.

என் மாமியாருக்குச் சர்க்கரை நோயால் கண் பாதிக்கப்பட்டுப் பெவாசிசுமாப் ஊசி போடுகிறார்கள். மருந்துக் கடையில் அது கேன்சர் மருந்து என்றார்கள். எங்களிடம் எதையாவது மறைக்கிறார்களா?
— வாசகி, கும்பகோணம்

யாரும் எதையும் மறைக்கவில்லை. விழித்திரையில் தேவையற்ற குழாய்கள் முளைத்துக் கசிவதற்கும் அதே வி.இ.ஜி.எஃப். புரதம்தான் காரணம். கண்ணுக்குள் போடும் அளவு 1.25 மில்லிகிராம், பெருங்குடல் புற்றுநோய்க்கு 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு தடவைக்கு 300 மில்லிகிராம் அளவில் செலுத்துவார்கள். ஆயினும் அவருக்கு அண்மையில் பக்கவாதமோ மாரடைப்போ வந்திருந்தால் கண் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

குழாய்களை எண்ணுவது உதவாது என்றால், நோய் திரும்புமா என்று முன்கூட்டியே அறிய இப்போது வேறு வழி உண்டா?
— வாசகர், புதுச்சேரி

கட்டியின் டி.என்.ஏ. துணுக்குகள் இரத்தத்தில் மிதக்கின்றனவா என்று அறுவை சிகிச்சைக்குச் சில வாரங்கள் கழித்துப் பார்ப்பதே இன்று அதிகம் பேசப்படும் வழி. கட்டி எப்படிப்பட்டது என்று ஊகிப்பதை விட்டுவிட்டு, அதில் ஏதாவது உடலில் இன்னும் மிச்சமிருக்கிறதா என்று இது நேரடியாகக் கேட்கிறது. ஆஸ்திரேலியாவில் இரண்டாம் கட்ட நோயாளிகள் 455 பேரிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வில், இந்தப் பரிசோதனையை வைத்துக் கீமோவை முடிவு செய்தபோது 15 சதவீதத்தினரே கீமோ பெற்றார்கள். வழக்கமான முறையில் முடிவு செய்தபோது 28 சதவீதத்தினர் பெற்றார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்களின் விகிதமோ இரு பிரிவிலும் ஏறக்குறைய சமமாகவே இருந்தது, அதாவது 93.5 சதவீதமும் 92.4 சதவீதமும். தேவையற்ற கீமோவைத் தவிர்க்க முடிந்தது என்பதே இதன் பயன். விலை அதிகம், எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை, மூன்றாம் கட்டத்தில் இதை மட்டும் நம்பிக் கீமோவை நிறுத்தும் நிலைக்கு நாம் இன்னும் வரவில்லை.

அது கிடைக்காதவர்கள் வழக்கமான கண்காணிப்பை ஒழுங்காகச் செய்துகொண்டாலே போதும். முதல் இரண்டு ஆண்டுகளில் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒரு முறை சி.இ.ஏ. (இந்தப் புற்றுநோயில் உயரக்கூடிய ஒரு புரதம்) இரத்தப் பரிசோதனை, பிறகு ஐந்து ஆண்டு நிறையும்வரை 6 மாதங்களுக்கு ஒரு முறை, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் சி.டி. ஸ்கேன், அறுவை சிகிச்சைக்கு ஓராண்டு கழித்து, பெருங்குடலுக்குள் கேமரா செலுத்திப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி. ஓராண்டு நன்றாக இருந்துவிட்டால் கொலனோஸ்கோப்பியைத் தள்ளிப்போடுபவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தத் தேதியை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.